நூற்றுக்கு நூறு வாங்கிய ஸ்பூன்

4

மெஷின் அக்காவின் பட்டறைக்குள் சூப்பர்வைசர் அம்மா நுழைந்தபோது மணி இரண்டரை. அக்காவின் பிழைப்பு செத்துப்போக மாலை ஐந்து மணி என்று நேரம் குறித்திருந்தார்கள்.

பட்டறை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. உள்ளே இருந்த பழைய தையல் மெஷின்களுக்கே மூச்சு முட்டியது. ஓர் ஆள் நுழைந்தால் ஒரு மெஷின் வெளியே வர வேண்டும். மாப்பிள்ளை நுழைந்தபோது இரண்டு வெளியே வந்தன.

"அத்தை, நான் வாசல்லயே நிக்கறேன். வயித்தை மட்டும் உள்ள அனுப்பறேன், அது கேட்டுட்டு வந்து சொல்லும்."

"உங்க வயிறு உள்ள போனதை என்னைக்கு வெளில விட்டிருக்கு மாப்பிள்ளை? பேசாம நில்லுங்க."

சூப்பர்வைசர் அம்மா முப்பத்துநான்கு வருடம் பரீட்சை ஹாலில் நடந்தவர். நடந்த தூரத்தை நேராகப் போட்டால் நிலாவுக்குப் போய்த் திரும்பி, அங்கே மறந்து வைத்த மூக்குக் கண்ணாடியை எடுக்க இன்னொரு தடவை போய் வரலாம். கடைவாய்ப் பல்லில் மடித்து வைத்த துண்டுச் சீட்டை நாலு வரிசை தள்ளி நின்று சத்தமாக வாசித்துக் காட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை பத்து மணிக்கே அவருக்குப் போரடித்துவிட்டது. பத்தரைக்குத் துப்பறிய ஆரம்பித்தார். வேன் ஓட்டும் மருமகனையே உதவியாளராக வைத்துக்கொண்டார். சம்பளம் கேட்காத ஒரே மனிதர் அவர்தான். கேட்கிற தைரியம் இல்லாதவர் என்றும் சொல்லலாம்.

"சொல்லும்மா. என்னைக்கு ஆரம்பிச்சது?"

மெஷின் அக்கா கையிலிருந்த எண்ணெய்த் துணியை ஆணியில் மாட்டினார். ஐம்பது வயது. ஸ்க்ரூ டிரைவர் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். பழைய தையல் மெஷின்களை வாங்கிப் பிரித்து, துடைத்து, புது உயிர் கொடுத்து விற்பவர். விற்பது 'கைக்குக்கை' என்ற செயலியில்.

ஊரில் பாதிப் பேர் பழைய பொருளை அதில்தான் வாங்கினார்கள், விற்றார்கள். எல்லாருக்கும் அதில் புனைபெயர்தான். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. விற்பவர் பொருளைக் கைக்குக்கை ஆபீசின் அறையில் கொண்டு வைத்துவிட்டுப் போக, வாங்கியவர் வந்து எடுத்துக்கொள்வார். முகமில்லாத இடத்தில் யாரை நம்புவது என்பதற்குத்தான் நம்பிக்கைப் புள்ளி. நூற்றுக்கு இத்தனை என்று ஒவ்வொருவர் பெயரின் பக்கத்திலும் ஒட்டியிருக்கும். விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களில், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு யாருடைய புள்ளி ஐம்பதுக்குக் கீழே இருக்கிறதோ அவர் கணக்கு மூடப்படும். ஒருமுறை மூடினால் ஆயுளுக்கும் திறக்காது.

"போன வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குத் தொண்ணூத்தொம்பது இருந்துதும்மா. ஆறு வருஷம். இந்த வாரம் நாலு மெஷின் வித்தேன். நாலு பேரும் ஒரு ஸ்டார் போட்டுட்டாங்க. இப்ப நாப்பத்தி மூணு."

"நாலு பேருக்கே அவ்வளவு சரிவா?"

"அவங்க எல்லாம் தொண்ணூத்தெட்டு புள்ளிக்காரங்க. பெரிய புள்ளி திட்டினா ஆளுக்குப் பதினாலு போயிடும்."

"நான் திட்டினா கால் புள்ளிதான் போகும், அக்கா," என்றார் மாப்பிள்ளை வாசலிலிருந்து பெருமையாக. கைக்குக்கையில் அவருடைய மொத்தப் புள்ளி பன்னிரண்டு. தலைக்குக் குளித்துவிட்டு வந்த மனைவியின் ஹேர் டிரையரை, அவர் தலை காய்வதற்குள் விற்றவர். வாங்கியவர் வீட்டுக்கே போய் மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்தப் பன்னிரண்டு ஏறவே இல்லை.

"நீ எதுவும் பதில் போடலையாம்மா?"

"போட்டேன். நாப்பத்தி மூணு புள்ளி ஆளோட பதிலை யாருக்கும் காட்டாதாம். புகார் குடுக்கலாம்னு பாத்தா, அதுக்கு எழுபது புள்ளி வேணுமாம்."

"பேஷ்! கழுத்தை நெரிச்சுட்டு, சத்தமா கத்தினாதான் புகார் எடுப்போம்னு சொல்றாங்க." சூப்பர்வைசர் அம்மா உதட்டைச் சுழித்தார். "உனக்கு யார் மேல சந்தேகம்?"

"எதிர்த் தெரு மெஷின் கடைக்காரர்தான். வேற யாரு இருக்கா? இதை மூடிட்டா எனக்கு வேற வாசல் இல்லைம்மா. பதினோரு மெஷின் ரெடியா நிக்குது. தெருவுல வெச்சுக் கூவியா விப்பேன்?"

சூப்பர்வைசர் அம்மா கையை நீட்டினார். அக்கா போனைக் கொடுத்தார். நாலு விமர்சனங்கள்.

நேர்மை: "பெடல் வழுக்குகிறது. சுத்த ஏமாற்று."

தங்கமனசு: "பெடலில் கால் வைத்ததும் வழுக்கியது. மனம் உடைந்துவிட்டேன்."

உண்மைவிளம்பி: "பெடல் சரியில்லை. இவரை நம்பாதீர்கள்."

வெள்ளையுள்ளம்: "பெடலில் வழுக்கி என் அம்மா விழப் பார்த்தார்."

"பேரைப் பாருங்க அத்தை," என்றார் மாப்பிள்ளை எட்டிப் பார்த்து. "இவங்க நாலு பேரும் ஒரே பஸ்ல போனா நான் பர்ஸை வீட்லயே வெச்சுட்டுப் போவேன்."

"நீ வித்த மெஷினைக் காட்டும்மா."

அதே ஜாதி மெஷின் ஒன்றை அக்கா காட்டினார். கையால் சுற்றுவது. பக்கத்தில் ஒரு சக்கரம், சக்கரத்தில் மரக் கைப்பிடி. கீழே ஒன்றுமில்லை. மேஜைகூட இல்லை.

"பெடல் எங்கே?"

"கை மெஷினுக்கு ஏதும்மா பெடல்? அதைத்தான் நானும் கத்திக்கிட்டிருக்கேன். 'கையால் சுற்றும் மெஷின்'னு விளம்பரத்துல எழுதியே இருக்கேன்."

விளம்பரத்தின் போட்டோவில் மெஷின் ஒரு பெடல் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது.

"இந்தப் பட்டறையில வேற எங்கம்மா வெச்சு எடுக்கறது? காலி இடம்னா அந்த மேஜை ஒண்ணுதான்."

சூப்பர்வைசர் அம்மாவின் முகம், பின் பெஞ்சில் காகிதம் சரசரக்கும் சத்தம் கேட்டது போல மலர்ந்தது.

"எதிர்த் தெருக்காரர் இல்லம்மா. மெஷின் தெரிஞ்சவன் பொய் சொன்னா நூல் அறுதும்பான், ஊசி ஒடியுதும்பான். இல்லாத பெடலைச் சொல்ல மாட்டான். சரியான விடை நாலு பேருக்கு வரலாம், அது படிப்பு. ஒரே தப்பு நாலு பேருக்கு வந்தா, நடுவுல ஒரு பேப்பர் நகந்திருக்கு. இவங்க யாரும் மெஷினைப் பாக்கல. போட்டோவைப் பாத்து எழுதியிருக்காங்க. அந்த நாலு பார்சலும் எங்கேயோ பிரிக்காமக் கிடக்கு. வண்டியை எடுங்க மாப்பிள்ளை."

பெட்ரோல் பங்க்கில் வேன் நின்றது. முன்னால் ஒன்பது வண்டிகள். மாப்பிள்ளை போனை எடுத்து நாலு உத்தமர்களின் பழைய வியாபாரங்களைப் புரட்டினார். எந்தப் பொருள் கைமாறினாலும் போட்டோ போடுவது கைக்குக்கையின் விதி.

திடீரென்று அவர் சிரித்த சிரிப்பில் ஹாரன் தானாக அடித்துக்கொண்டது. முன்னால் நின்ற ஒன்பது பேரும் திரும்பி முறைத்தார்கள்.

"என்ன மாப்பிள்ளை, மாத்திரை போட மறந்துட்டீங்களா?"

"அத்தை, நேர்மை தங்கமனசுக்கு ஒரு எவர்சில்வர் ஸ்பூன் வித்திருக்கார். அஞ்சு ஸ்டார். தங்கமனசு அதை உண்மைவிளம்பிக்கு வித்திருக்கு. அஞ்சு ஸ்டார். அவர் வெள்ளையுள்ளத்துக்கு. வெள்ளையுள்ளம் மறுபடி நேர்மைக்கு. எல்லாம் ஒரே ஸ்பூன்! கழுத்து வளைஞ்சிருக்கு, வாயில ரெண்டு பல் தடம். பாருங்க!"

பார்த்தார். ஒரே வளைவு, ஒரே இரண்டு பல் தடம்.

"மூணு மாசத்துல நாப்பத்தோரு கை மாறியிருக்கு. கல்யாணமான புதுசுல நான்கூட இத்தனை வீடு மாறல. என்ன எழுதியிருக்காங்க கேளுங்க: 'அற்புதமான ஸ்பூன். விற்றவர் மாணிக்கம். இவரை நம்பி உயிரையே ஒப்படைக்கலாம்.'"

பின் இருக்கையில் மெஷின் அக்கா முன்னால் சாய்ந்தார். "ஆறு வருஷமா முன்னூத்திப் பன்னெண்டு மெஷின் வித்துத்தாம்மா நான் தொண்ணூத்தொம்பதுக்கு வந்தேன். இவங்க ஒரு ஸ்பூனை வெச்சா தொண்ணூத்தெட்டு வாங்கினாங்க?"

"ஆமாம்மா. உழைக்காம வந்த மார்க் எப்பவும் உழைச்சவ மார்க்கைத்தான் முதல்ல கடிக்கும்." சூப்பர்வைசர் அம்மா ஜன்னல் வழியே துப்பாத குறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். "துண்டுச் சீட்டு எழுதற பசங்ககூட விரல் வலிக்க எழுதுவாங்க. இந்த ஜென்மங்களுக்கு அந்த வலிகூட இல்லை."

லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது கைக்குக்கை ஆபீஸ். நுழைந்ததும் சுவரில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட விதிமுறைகள். அதற்கு மேலே, அதைவிடப் பெரிதாக, அமைப்பின் தலைவரின் போட்டோ. கைக்குக்கையில் நூறு புள்ளி வைத்திருக்கும் ஒரே மனிதர் அவர்தான். அதனால் எல்லாரும் அவரை 'நூறு சார்' என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவாம்.

விற்பவர் என்ற முறையில் மெஷின் அக்காவுக்குப் பொருள் அறைக்குள் போக அனுமதி இருந்தது. மூன்றாவது அலமாரியில் நாலு பார்சல்கள். காடாத் துணியில் சுற்றி, கோணி ஊசியால் தைத்தவை.

அக்கா குனிந்து தையலை விரலால் தடவினார். "என் தையல்தாம்மா. கடைசி முடிச்சை உள்ளுக்கு இழுத்து மறைச்சுடுவேன். வெட்டாம இதைப் பிரிக்க முடியாது. எதையும் வெட்டல."

"நீ வெச்ச இடத்துலயேதான் இருக்கா?"

"வெச்ச இடத்துலயே. ஆனா நாலு பேரும் 'பெற்றுக்கொண்டேன்'னு அழுத்தியிருக்காங்க."

மாப்பிள்ளை ஒரு பார்சலின் மேல்புறத்தைக் காட்டினார். வட்டமாக ஓர் ஈரத் தடம். தொட்டு முகர்ந்தார். "டீ. இன்னும் சூடு ஆறல. பார்சலை எடுத்துட்டுப் போக நேரமில்ல, டீ கிளாஸ் வைக்க மட்டும் நேரமிருக்கு."

பக்கத்து அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவில் 'நம்பிக்கைக் குழு' என்று எழுதியிருந்தது.

சூப்பர்வைசர் அம்மா கதவைத் தட்டவில்லை. பரீட்சை ஹாலில் யாரும் தட்டிவிட்டு நுழைவதில்லை.

நீள மேஜையின் தலைமாட்டில் நூறு சார். வெள்ளைச் சட்டை, சட்டையில் '100' என்று தங்க நிற பேட்ஜ். இருபுறமும் நாலு குழு உறுப்பினர்கள்: ஒரு பல் டாக்டர், ஒரு வீட்டு புரோக்கர், ஓர் இன்சூரன்ஸ் அம்மா, உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் ஒரு மீசைக்காரர். ஐந்து பேர் முகத்திலும் தங்களைத் தாங்களே கும்பிட்டுக்கொள்கிற களை.

"மேடம், இது குழுக் கூட்டம்."

"தெரியும் சார். இந்தம்மா கணக்கை மூடறதுக்கு முன்னால ஒரு வார்த்தை பேச வந்தோம்."

நூறு சார் மெஷின் அக்காவைப் பார்த்து, சுங்கச்சாவடியில் சில்லறை இல்லாதவரைப் பார்ப்பது போலப் புன்னகைத்தார். "வருத்தமாத்தான் இருக்கும்மா. ஆனா நான் என்ன செய்ய? சிஸ்டம் பொய் சொல்லாது. மனுஷங்க சொல்லலாம், சிஸ்டம் சொல்லாது. நானே கட்டினது."

மாப்பிள்ளை அத்தையின் காதருகே குனிந்தார். "அத்தை, சர்க்கரை டப்பா."

மேஜை நடுவில் சர்க்கரை டப்பா. அதில் கழுத்து வளைந்த ஓர் எவர்சில்வர் ஸ்பூன். வாயில் இரண்டு பல் தடம்.

"நாப்பத்தோரு கை மாறின களைப்பு. சர்க்கரையில படுத்து ரெஸ்ட் எடுக்கறார்."

"அனுப்புங்க," என்றார் அத்தை உதடு அசையாமல்.

மாப்பிள்ளை போனில் நாலு வரி தட்டினார். நேர்மை, தங்கமனசு, உண்மைவிளம்பி, வெள்ளையுள்ளம் நாலு பேருக்கும் ஒரே செய்தி: உங்கள் ஸ்பூனை வாங்க விரும்புகிறேன், இப்போது எங்கே இருக்கிறது?

பல் டாக்டரின் போன் 'டிங்' என்றது. இன்சூரன்ஸ் அம்மாவின் கைப்பைக்குள் 'டிங்'. புரோக்கரின் சட்டைப் பையில் 'டிங்'. மீசைக்காரர் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தார். மேஜைமேல் கிடந்த அது மட்டும் நடுங்கிக்கொண்டே நகர்ந்து சர்க்கரை டப்பாவில் போய் இடித்து நின்றது.

அறையில் ஈ பறந்தால் அதன் முழங்கால் மடங்கும் சத்தம் கேட்டிருக்கும்.

"சார்," என்றார் சூப்பர்வைசர் அம்மா, "உங்க நாலு மாணிக்கங்களுக்கும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாமா? உங்க சிஸ்டம் பொய் சொல்லாதுன்னா பயம் இல்லையே?"

நூறு சாருக்குப் பயம் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. "தாராளமா."

அடுத்த அரை நிமிடத்தில் நாலு பெரிய மனிதர்களும் நாலு மூலைகளில் சுவரைப் பார்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். எப்படி எழுந்தோம், எப்படி நகர்ந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. அந்தக் குரலுக்குப் பன்னிரண்டாயிரம் மாணவர்கள் எழுந்து நின்றிருக்கிறார்கள். ஆளுக்கொரு தாள். மாப்பிள்ளை பேனா கொடுத்தார். பேனா இல்லை என்று ஒருவர் இழுத்தபோது இரண்டு கொடுத்தார்.

"கேள்வி: நீங்க வாங்கின மெஷின்ல பெடல் எந்தப் பக்கம் இருந்தது? ஒரு வார்த்தையில எழுதி, கீழே கையெழுத்து. திரும்பிப் பாத்தா பேப்பரைப் பிடுங்கிடுவேன்."

பல் டாக்டரின் கழுத்து வியர்த்தது. மீசைக்காரர் மாப்பிள்ளையின் முகத்தில் விடை தெரிகிறதா என்று கடைக்கண்ணால் தேடினார். மாப்பிள்ளை கொட்டாவி விட்டார்.

தாள்கள் வந்தன. இடது. வலது. நடுவில். இன்சூரன்ஸ் அம்மா தொழில் புத்தியோடு எழுதியிருந்தார்: "சூழ்நிலையைப் பொறுத்தது."

மெஷின் அக்கா ஒரு பார்சலைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார். சர்க்கரை டப்பா துள்ளியது. கத்தரிக்கோலால் தையலை வெட்டினார். துணி விலகியது. சக்கரம், மரக் கைப்பிடி, அவ்வளவுதான்.

"தேடுங்க," என்றார். அவர் அந்த அறையில் பேசிய முதல் வார்த்தை அது. "பெடலைத் தேடி எடுத்துக் குடுங்க. நானே கணக்கை மூடிட்டுப் போறேன்."

யாரும் தேடவில்லை. மணி நாலு ஐம்பது.

நூறு சார்தான் முதலில் சுதாரித்தார். "அநியாயம்! என் குழுவிலேயே இப்படியா? விசாரணை வைப்போம். விதிப்படி அடுத்த மாசம்..."

"அடுத்த மாசம் எதுக்கு? உங்க விதி வெளில சட்டம் போட்டு மாட்டியிருக்கே. மாப்பிள்ளை, பன்னெண்டாவதை வாசிங்க. சுவத்துல பாத்தீங்களே."

"பொய் மதிப்பீடு நிரூபிக்கப்பட்டால் போட்டவரின் புள்ளி பூஜ்யம். அதற்கு முன் தாமாகத் திரும்பப் பெற்றால் தண்டனை இல்லை."

"கேட்டீங்களா? நாலு பேப்பரும் என் கையில இருக்கு, கையெழுத்தோட. அஞ்சு மணிக்கு இது ஊருக்கே போகும். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு." சூப்பர்வைசர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "நாலு பேரும் ஒற்றுமையா வாயை மூடிட்டு இருந்தா, எல்லாம் ஒரு அத்தையோட கட்டுக்கதைன்னு சாதிச்சுடலாம். ஒருத்தர் திரும்பப் பெற்றா மத்த மூணு பேரும் மாட்டிக்குவாங்க. உங்களுக்குள்ளதான் நம்பிக்கை நிறைய இருக்கே? உயிரையே ஒப்படைக்கலாம்னு எழுதியிருந்தீங்க."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை முடிவதற்குள் இன்சூரன்ஸ் அம்மாவின் கை கைப்பைக்குள் இருந்தது.

மெஷின் அக்காவின் போன் ஒலித்தது. ஐம்பத்தேழு.

"துரோகி!" என்று புரோக்கர் அலறினார். அலறிக்கொண்டே அழுத்தினார். எழுபத்தொன்று. பல் டாக்டர் அவசரத்தில் கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டு, மீசைக்காரரைத் தள்ளி, மீசைக்காரர் அவரைத் தள்ளி, இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். எண்பத்தைந்து. தொண்ணூற்றொன்பது.

மெஷின் அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரி," என்றார் மாப்பிள்ளை, "மெஷின் விக்காத நீங்க எதுக்குங்க இவங்களைக் கவுத்தீங்க?"

"நாங்க எங்க?" மீசைக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. "சார்தான் சொன்னார்! இந்த வெள்ளிக்கிழமை அந்தம்மா நூறு ஆயிடுவாங்களாம். ரெண்டு நூறு இருந்தா நூறுக்கு என்ன மதிப்புன்னார்!"

எல்லாத் தலைகளும் பேட்ஜ் பக்கம் திரும்பின. பணமில்லை, போட்டியில்லை, பழைய பகையில்லை. ஒரு பெண்ணின் ஆறு வருட உழைப்பை ஒரு வாரத்தில் குழி தோண்டிப் புதைக்க அந்த மனிதருக்கு அரை அங்குல பேட்ஜ் போதுமாக இருந்தது.

"புளுகு!" நூறு சார் எழுந்தார். "இவங்க பேச்சை யார் நம்புவா? இவங்க தொண்ணூத்தெட்டே நான் போட்ட பிச்சை! அந்த ஸ்பூனே என்னோடது!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"பல் தடமும் சாரோடதுதான்," என்றார் பல் டாக்டர் மெதுவாக. "நான்தானே பாக்கறேன்."

தொண்ணூற்றெட்டுக்காரர் புகார் கொடுத்தால் கேள்வியே கிடையாது, உடனே இருபத்தைந்து புள்ளி வெட்டு. அதுவும் நூறு சார் எழுதிய விதிதான். தங்கள் தோலைக் காப்பாற்றிக்கொள்ள நாலு பேரும் சேர்ந்து போட்ட புகாரில் அவர் புள்ளி ஐந்து மணி அடிப்பதற்குள் மாப்பிள்ளையின் பன்னிரண்டையும் தாண்டிக் கீழே போய்விட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக மாப்பிள்ளை ஒருவரைக் குனிந்து பார்த்தார்.

"கவலைப்படாதீங்க சார். முதல் வாரம்தான் கஷ்டமா இருக்கும்."

ஒரு ஸ்டார்களை வாபஸ் வாங்கிவிட்டதால் மெஷின்களைத் திருப்பித் தர வழியில்லை. வாங்கியவர்கள் வாங்கியவர்கள்தான். நாலு பேரும் ஆளுக்கொரு இரும்பு மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினார்கள். வெட்டின பார்சல் மீசைக்காரருக்குப் போனது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் மூச்சு வாங்க நின்றார். பின்னால் இறங்கி வந்த மெஷின் அக்காவைப் பார்த்து அசடு வழிந்தார்.

"அக்கா, கோபப்படாதீங்க. இதை எப்படி ஓட்டணும்?"

மெஷின் அக்கா அவரைத் தாண்டி ஒரு படி இறங்கித் திரும்பினார்.

"ஓட்டிப் பாத்துட்டுத்தானே ஒரு ஸ்டார் போட்டீங்க? அதே மாதிரி ஓட்டுங்க."